கேள்வி கேட்ட பெட்டி

என் மகள் சாப்பிட உட்கார்ந்தால் நான் வாசல் கதவைச் சாத்திவிடுவேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்னும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. யாராவது திடீரென்று உள்ளே வந்து, "பாப்பா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டால், தட்டைத் துடைத்து வைத்தது போல அவள் சாப்பிட்டிருந்தாலும், "எங்க சாப்பிடுதா, பிசைஞ்சது பிசைஞ்சபடி கெடக்கு" என்றுதான் என் வாயில் வரும். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான். கண் பட்டுக் குழந்தை இளைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாத்துகிறேன்.

சமீப காலமாகப் பேப்பரில் மின்மூளை பற்றி அடிக்கடி வருகிறது. வடக்கே ஏதோ பெரிய ஊரில் அப்படி ஒன்றைக் கொண்டுவரப் போகிறார்களாம். ஒரு கட்டடம் நிறைய குமாஸ்தாக்கள் உட்கார்ந்து போடும் கணக்கை அது ஒன்றே போட்டுவிடுமாம். விளைச்சலைக் கணக்கிடும், நோயைக் கண்டுபிடிக்கும், பஞ்சம் வருமுன்னே சொல்லும் என்று சிலர் எழுதுகிறார்கள். எல்லார் பிழைப்பிலும் மண் விழும் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரி என்றுதான் படுகிறது. அது என் சுபாவம். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் சாக்கு போர்த்திக் கிடக்கும் பெட்டி ஞாபகத்துக்கு வந்துவிடும். அதை மூளை என்று சொன்னால் செய்தவரே இப்போது சிரிப்பார். செய்த நாளில் அவர் அப்படித்தான் சொன்னார்.

என் கணவர் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர். அந்தப் பெட்டியைச் செய்த வருஷம், கோடையில் எங்கள் பின்தெருவில் தறி போட்டிருந்த ஒரு வீட்டில், ஒன்றரை வயசுக் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. என் மகளுக்கும் அப்போது அதே வயசு. துக்கம் கேட்க நாங்கள் இருவரும் போனோம். அந்தத் தாய் அழவில்லை. "எப்பத் தூக்கிட்டு ஓடணும்னு எனக்கு யாருமே சொல்லலையே அக்கா. இப்பச் சரியாப் போயிரும், இப்பச் சரியாப் போயிரும்னு இருந்துட்டேனே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருந்தது அதற்கு நேர் எதிரான வியாதி. குழந்தை தும்மினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் என் தலையைக் கண்டதும் சிரிப்பார். "வந்துட்டியா? ஒன் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒன்னைத்தான் ஒரு வாரம் கட்டில்ல படுக்கப் போடணும்" என்பார். வீட்டில் என் பயம் எல்லாருக்கும் கேலி. ஓடினால் ஏன் ஓடினோம் என்று வெட்கப்படுவேன். ஓடாவிட்டால் உட்கார முடியாது. எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயப்படக் கூடாது என்று யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அந்தத் தறிக்காரப் பெண்ணும் கேட்டது அதைத்தானே.

துக்க வீட்டிலிருந்து வந்தது முதல் என் கணவர் யோசனையாகவே இருந்தார். அவர் ஒரு பத்திரிகையில் படித்திருந்தார்: வெளிநாட்டில் ஒரு மின்மூளையிடம் நோயாளியின் குறிகளைச் சொன்னால் அது நோயைச் சொல்லிவிடுகிறதாம். "ஏளா, நோயைச் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகணுமா வேண்டாமா, அதை மட்டும் சொன்னாப் போதும்லா? அது வெறும் சுவிட்சும் பல்பும்தான். நாமளே செய்யலாம்" என்றார்.

லேடி டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். முதல் தடவையாக நோயில்லாத குழந்தையோடு நோயைப் பற்றிக் கேட்க வந்த என்னை அவர் அதிசயமாகப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறதா, ஒன்றுக்குப் போகிறதா, உச்சிக்குழி பள்ளமாக இல்லாமல் இருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா. "கண்ணீர் வரலன்னா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது" என்றார். அதோடு, நன்றாகச் சாப்பிடுகிறதா, ஓடி விளையாடுகிறதா என்ற இரண்டையும் என் கணவர் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டார். எளிய கேள்வியில் தொடங்கினால் தாய்மார் தயங்காமல் பேசுவார்கள் என்பது ஆசிரியராக அவருடைய அனுபவம்.

டீத்தூள் வந்த மரப்பெட்டியைப் பலகையாக அறுத்து, மாடிப்படிக்குப் போடும் இருவழிச் சுவிட்சுகளைப் பதித்து, பின்னால் பேட்டரி வைத்துக் கம்பி இழுத்தார். ஒரு கேள்விக்கு ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் குழந்தைக்கு நலம். கீழே தள்ளினால் நலமில்லை. எல்லாம் மேலே இருந்தால் பச்சை பல்பு எரியும். ஒன்று கீழே போனாலும் சிவப்பு. என் மகள் அதன் எதிரே உட்கார்ந்து பச்சை எரியும்போதெல்லாம் கை தட்டினாள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனி யாரிடமும் போய் அசடு வழிய வேண்டாம். பெட்டியைக் கேட்டால் போதும்.

ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் சீசன் பொருட்காட்சி போட்டார்கள். என் கணவருடைய பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. சீசனுக்கு வரும் பெரிய அதிகாரிகள் யாராவது பார்த்து, டாக்டர் இல்லாத ஊர்களுக்கெல்லாம் ஒரு பெட்டி வைக்க ஏற்பாடு செய்ய மாட்டார்களா என்று என் கணவருக்கு ஆசை. தாய்மார்கள் வருவார்கள், நீயும் இரு என்று என்னையும் அழைத்துப் போனார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். என் கணவர் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். "வாங்கம்மா, பிள்ளையைப் பத்திக் கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஆஸ்பத்திரி வேணுமா வேண்டாமான்னு இந்த மின்மூளை சொல்லிரும்."

முதலில் வந்தவளின் பையனை அவளால் தூக்க முடியவில்லை. இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள். அவன் இரண்டு கையிலும் பலாச்சுளை.

"பையன் நல்லாச் சாப்பிடுகிறானா?"

"எங்க சார்வாள், ஒண்ணும் திங்க மாட்டேங்கான். காத்தைக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கான்."

அவர் சுவிட்சைக் கீழே தள்ளினார். சிவப்பு எரிந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கம்மா."

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "ஏன், எம்புள்ளைக்கு என்ன வந்துச்சு? குத்துக்கல்லு மாதிரி இருக்கான்! ஒங்க பெட்டி வாயில நல்ல வார்த்தை வராதோ?" என்று மூன்று தரம் கீழே துப்பிவிட்டுப் போனாள்.

அடுத்தவளின் மகள் கொட்டகைத் தூணில் ஏறிக்கொண்டிருந்தாள். ஓடி விளையாடுகிறாளா என்றதற்கு, "சொணங்கிப் போய்த்தான் கெடக்கா" என்று பதில் வந்தது. சிவப்பு. அதற்கடுத்தும் சிவப்பு. கூட்டத்தில் ஒருத்தி, "ஏட்டி, இந்தப் பெட்டிக்குச் சார்வாள் செவப்பு மட்டுந்தான் படிச்சுக் குடுத்திருக்காவ போல!" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து கம்பியை எல்லாம் தொட்டுப் பார்த்தார்.

"கம்பியில ஒண்ணுமில்லங்க" என்றேன். "பிள்ளை நல்லாச் சாப்பிடுதுன்னு நாலு பேரு மத்தியில எந்தத் தாய் சொல்லுவா? கண்ணு பட்டுராதா?"

"நீயும் அப்படித்தான் சொல்லுவியா?"

"நானும்தான்."

"அப்ப நம்ம பிள்ளை சாப்பிடவே இல்லன்னு போன மாசம் சொன்னியே? நான் டவுன் பூரா அலைஞ்சு டானிக் வாங்கிட்டு வந்தேனே?"

"அப்பப் பக்கத்து வீட்டு மதினி நின்னுக்கிட்டு இருந்தாங்க" என்றேன். அவர் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் தலைமையாசிரியர் ஓர் அதிகாரியை அழைத்து வந்தார். ஜீப் வெளியே நின்றது. அந்த நேரம் பார்த்து அச்சன்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. முன்னால் மாமியார், பின்னால் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இளம் மருமகள். என் கணவர் ஆவலோடு கேள்விகளைத் தொடங்கினார். அந்தப் பெண் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மாமியாரை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"சாப்பிடுகிறாளா?"

"ஆமா, சாப்பிடுதா."

"விளையாடுகிறாளா?"

"வெளையாடுதா, சார்வாள். நல்லாத்தான் இருக்கா."

கண்ணீர்க் கேள்வி வரை எல்லாவற்றுக்கும் நலம் என்றே சொன்னாள். பச்சை எரிந்தது. அன்றைய முதல் பச்சை. அதிகாரி "பேஷ்" என்றார். தலைமையாசிரியர் கை தட்ட, கூட்டமும் தட்டியது. என் கணவரின் முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்தது. என் மகளாக இருந்தால் கத்திக் கொட்டகையைக் கூட்டியிருப்பாள். அந்தக் குழந்தை ஈயை விரட்டவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

அவர்கள் வெளியே போனார்கள். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன். நலம் என்று பெற்றவளே சொல்கிறாள். பெட்டி பச்சை காட்டிவிட்டது. எதைப் பார்த்தாலும் சிவப்பாகத் தெரிகிற கண் என்னுடையது. லேடி டாக்டரே சொல்லியிருக்கிறார். அதிகாரி முன்னால் பெட்டி தப்பு என்று நான் சொன்னால் இவர் என்ன ஆவார்? ஆனால் பின்தெருத் தறிவீட்டில் கேட்ட அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. மகளை என் கணவர் கையில் கொடுத்துவிட்டுச் சாரலில் இறங்கி ஓடினேன்.

மாமியார் ஒரு கடையில் ரம்பூட்டான் பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள்.

"பிள்ளைக்கு மேலுக்கு முடியலையோ?" என்றேன்.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கா."

"என் மகளுக்கு ஒண்ணுன்னா நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிருவேன். வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. அதான் கேக்கேன்."

அவள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சடசடவென்று சொன்னாள். "நேத்துலேருந்து வயித்தால போகுது அக்கா. காலையில அழுதா, கண்ணுல தண்ணியே வரல."

"அங்கன கேட்டப்போ சொல்லியிருக்கலாமே?"

"அத்தை நிக்காவ. அத்தனை பேரும் நிக்காவ. வீட்டுலயே சொன்னேன். பல்லு மொளைக்கி, ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்னுட்டாவ. இப்ப ஊரு முன்னால சொன்னா, எம்மானத்த வாங்கிட்டியேன்னு கேக்க மாட்டாவளா?"

நான் நேரே மாமியாரிடம் போனேன். "பெரியம்மா, பிள்ளை வாடிக் கெடக்கு. தென்காசி ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிருங்களேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் பெட்டி பச்சை காட்டிட்டே. நீ பெட்டியவிடக் கூடவா கண்டுட்ட? எம்மருமகதான் பயந்தாங்கொள்ளின்னா, நீயுமாம்மா?"

எங்கள் வீட்டில் செய்த பெட்டி எனக்கே எதிர்ச்சாட்சி சொன்னது. அப்போது என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. "இல்ல பெரியம்மா, பெட்டி இன்னொரு தடவை பாக்கணும். பெத்தவ தன் கையால சுவிட்சைப் போட்டாத்தான் அது சரியாச் சொல்லும். அத மறந்துட்டாங்க."

பெட்டிக்கு அப்படி ஒரு விதி உண்டு என்றதும் அவள் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள்.

கொட்டகையில் என் கணவர் காயப்போட்டிருந்த ஈர வேட்டியை எடுத்துப் பெட்டிக்கு முன்னால் குறுக்கே கட்டினேன்.

"ஏளா, என்ன பண்ணுத? அதிகாரி இன்னும் போகல" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் நீங்க வெளிய நில்லுங்க."

"நான் இல்லாமப் பெட்டியா?"

"நீங்க சத்தமாக் கேட்டா யாரும் நிசத்தைச் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

வேட்டிக்கு உள்ளே நானும் அந்தப் பெண்ணும் குழந்தையும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. காதோடு காதாகக் கேள்வியைச் சொன்னேன். "வாயால சொல்ல வேண்டாம். நல்லா இருந்தா மேல, இல்லன்னா கீழ. அவ்வளவுதான்." அவள் ஒரு சுவிட்சிலும் தயங்கவில்லை. கீழே, கீழே, கீழே. கண்ணீர்க் கேள்வியில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கீழே தள்ளினாள்.

உள்ளே நான் எதுவும் சொல்லுமுன்னே வெளியே சத்தம் கேட்டது. ஈர வேட்டியில் சிவப்பு பரவி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "ஏ ஆத்தா, செவப்பு எரியுதே!" என்று மாமியார் வேட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "பெட்டியே சொல்லிட்டே, இன்னும் என்னத்துக்குட்டி நிக்க? வண்டி பாருங்களேன் யாராவது!" அதிகாரி தன் ஜீப்பைக் கொடுத்தார். சாரலில் அது தென்காசிப் பாதையில் போவதைக் கொட்டகையே நின்று பார்த்தது.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பினோம். பழைய குற்றால அருவிக்குப் போய் வந்த கூட்டம் ஒன்று பின்னால் பாடிக்கொண்டிருந்தது. என் கணவர் சொன்னார்: "அப்ப எம்பெட்டி ஒண்ணும் கண்டுபிடிக்கல. அந்தத் தாய்க்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு."

"ஆமா. ஆனா அவ சொன்னப்போ யாரு கேட்டா? நான் சொன்னப்பவும் கேக்கலையே."

ஒரு குழந்தைக்கு வழி பிறந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. அவள் வீட்டில் அழுது சொன்னதைத்தான் அந்தப் பல்பு திருப்பிச் சொன்னது. அவள் சொன்னபோது அது பயம். பல்பு சொன்னபோது அது விஞ்ஞானம். அதே பல்புதான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பச்சையும் காட்டியது. அதையும் அதே மாதிரித்தான் நம்பினார்கள்.

குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள், பிழைத்துக்கொள்ளும் என்று மறுநாள் லேடி டாக்டரிடமிருந்து தகவல் வந்தது. அன்றைக்கே என் பழைய புடவை ஒன்றை நிரந்தரமாகத் திரை கட்டினோம். கேள்வியை நான் மெல்லச் சொல்வேன். தாய் தன் கையால் சுவிட்சைத் தள்ளுவாள். அதன் பிறகுதான் பச்சை எரியத் தொடங்கியது. "நல்லாத் திங்கான் அக்கா, வெளிய சொல்லிராதீங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு மேலே தள்ளினவர்கள் எத்தனையோ பேர். பெட்டி கேட்காததையும் சிலர் அதனிடம் சொன்னார்கள். ஒருத்தி எல்லாச் சுவிட்சையும் தள்ளி முடித்து, பச்சையைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு குடிக்காரு. அதுக்கு இதுல சுவிட்சு உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. அவள் அழுது முடிக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று திரையை இழுத்துவிட்டேன். வெளியே வரிசை முணுமுணுத்தது.

பச்சை எரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். திரையைத் தாண்டி வரும் ஒவ்வொரு குழந்தையின் உதட்டையும் நான் தனியாக ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.

அதிகாரி, மேலே எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெட்டிகளை ஊர் ஊராக வைத்திருந்தால், ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, காதோடு பேச ஒரு பெண்ணையும் உட்கார வைத்திருப்பார்களா என்று யோசித்துப் பார்ப்பேன். பெட்டி மட்டும் போதும் என்று இருந்துவிடுவார்கள் என்று தோன்றும். ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை என்றும் தோன்றும். இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. மின்மூளை பற்றிப் பேப்பரில் பார்க்கும்போதும் இதே கேள்விதான் வருகிறது.

பொருட்காட்சி முடிகிற வாரத்தில் அந்த மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் தேங்காய் பழத்தைப் பெட்டியின் முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கணவர் கூச்சத்தில் நெளிந்தார். "வேண்டாம்மா, இது வெறும் பல்பு" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. மருமகள் இடுப்பில் இருந்த குழந்தை ஒரு வாழைப்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பாதி வாயில், பாதி கன்னத்தில். என் மகள் பழத்துக்குக் கை நீட்டியதும் அது வீல் என்று கத்தியது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

சந்தோஷத்தில் என் கணவருக்குத் திரை மறந்துவிட்டது. பழையபடி வகுப்புக் குரலில், "என்னம்மா, பாப்பா இப்ப நல்லாச் சாப்பிடுகிறாளா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சுற்றி நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.

"எங்க சார்வாள், ஒரு வாய் திங்க மாட்டேங்கா."

கை பழக்கத்தில் அவர் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டார். சிவப்பு எரிந்தது. இந்தத் தடவை யாரும் வண்டி தேடி ஓடவில்லை. மாமியார் கூடத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் குழந்தையின் கன்னத்தில் அப்பியிருந்த பழத்தைத் துடைத்துவிட்டு, "ஆமா, பாவம், மெலிஞ்சுதான் போயிட்டா" என்றேன்.